ஆவியாவது நீர் மட்டுமே: சிறு பவளத் தொட்டி வைத்திருப்போருக்கு

இந்தக் கோடையில் இது மூன்றாவது வீடு. முதல் இரண்டு வீடுகளில் நான் போய்ச் சேர்ந்தபோது தொட்டியில் காப்பாற்றுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. மூன்றாவது வீட்டில் ஒரு கோமாளி மீன் மட்டும், நீர் விழும் மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றிருந்தது. சென்னையில் கடல்நீர்த் தொட்டிகளை அமைத்துப் பராமரிப்பதே என் தொழில் என்பதால் மீன்கள் இறப்பதைப் பார்ப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் ஒரே பிழையால், அதுவும் அக்கறை மிகுந்தவர்களின் கையாலேயே, தொட்டிகள் அடுத்தடுத்து அழிவதைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மூன்றாவது தொட்டியில் பாறையும் மணலும் போக ஏறத்தாழ 50 லிட்டர் நீர் இருந்தது. வீட்டுக்காரர் ஒழுங்கானவர், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். எல்லாவற்றையும் வாரந்தோறும் சோதித்துத் தேதியிட்டு ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். எல்லா எண்களும் சரியாகவே இருந்தன. உப்பளவுக்கு மட்டும் அந்த நோட்டில் ஒரே ஒரு பதிவு: தொட்டி வைத்த முதல் நாள், 35. நான் ஒரு சொட்டு நீரை, உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தபோது நீலக்கோடு 46-இல் நின்றது. 35 இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரத்துக்கு 46 பங்கு உப்பு. கருவியைத் துடைத்து, 35-க்கான சோதனைத் திரவத்தை விட்டுச் சரிபார்த்து மறுபடி எடுத்தேன். மீண்டும் 46.

கோடை தொடங்கியதும் நீர் சூடாகிறது என்று மூடியை எடுத்துவிட்டு மின்விசிறி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். அது நல்ல காரியம். விசிறியால் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் நீர் குறைந்தது. அந்தக் குறையை அவருடைய தாயார் தினமும் காலையில் உப்பு கலந்து வைத்திருந்த நீரால் நிரப்பியிருக்கிறார். “கடல் மீனுக்கு உப்புத் தண்ணிதானே தம்பி ஊத்தணும்? நல்ல தண்ணிய ஊத்தினா செத்துப்போயிடாதா?” என்று அந்த அம்மா கேட்டபோது எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. தொட்டியை விற்றபோது ‘ஆவியாவது நீர் மட்டுமே’ என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லித் தராத கடைக்காரர் மேல்தான் வந்தது.

ஆகவே, சலிப்பு தட்டினாலும் பரவாயில்லை, இதை விரித்தே சொல்லிவிடுகிறேன். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு எங்கும் போவதில்லை. அடுப்பில் குழம்பு வற்றினால் கரிக்கிறதே, அது ஏன் என்று நம் வீட்டில் யாரும் கேட்பதில்லை. கரித்த குழம்பில் பச்சைத் தண்ணீரைச் சேர்ப்போமே தவிர, உப்புக் கரைத்த தண்ணீரை யாரும் ஊற்றுவதில்லை. தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதும் இதுவேதான்: பாத்தியில் கடல்நீரைக் கட்டி, வெயிலில் நீர் போகப் போக மீண்டும் உப்பு நீரைப் பாய்ச்சுகிறார்கள், கடைசியில் உப்பு விளைகிறது. தினமும் உப்பு நீரை ஊற்றுகிறவர் தம் வரவேற்பறையில் ஓர் உப்பளத்தை நடத்துகிறார். கடலிலும் நீர் ஆவியாகத்தான் செய்கிறது. ஆனால் அதை ஈடுசெய்வது மழையும் ஆறும், அதாவது நன்னீர்.

கணக்காகவே பாருங்கள். 50 லிட்டர் நீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் 1,750 கிராம் உப்பு இருக்கிறது. தினமும் ஒரு லிட்டர் உப்பு நீர் சேர்த்தால் நாளொன்றுக்கு 35 கிராம் கூடுகிறது. விசிறி ஓடிய 14 நாளில் 490 கிராம். இப்போது அதே 50 லிட்டரில் 2,240 கிராம் உப்பு இருப்பதால் அளவு ஏறத்தாழ 45 ஆகிவிடுகிறது. மீதி ஒன்று, விசிறி வருவதற்கு முன் சிறு சிறு அளவில் நடந்த அதே பிழையின் மிச்சம். இதில் கொடுமை என்னவென்றால், நீர்மட்டம் குறையவே இல்லை, நீர் பளிங்குபோல் தெளிவாக இருந்தது, நோட்டில் இருந்த சோதனைகள் எல்லாம் தேறிக்கொண்டே இருந்தன. இறால்தான் முதலில் போனது. பிறகு நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்தன. மீன்கள் கடைசி. முதுகெலும்பில்லாத உயிர்கள் உப்பளவு மாற்றத்தைத் தாங்கா. உங்கள் தொட்டியில் இறால் மட்டும் காரணமின்றி இறந்தால், நோய் என்று எண்ணுவதற்கு முன் உப்பை அளந்து பாருங்கள்.

தொட்டியின் அடியில் இருந்த அலமாரியில், முத்திரை உடைக்கப்படாத மருந்துப் புட்டி ஒன்றைக் கண்டேன். இறால் இறந்ததைக் கேட்டு யாரோ கொடுத்தது, செம்பு கலந்தது. நான் அரை நாள் தாமதித்திருந்தால் அது தொட்டிக்குள் போயிருக்கும். செம்பு கலந்த மருந்தைப் பவளமோ இறாலோ நத்தையோ இருக்கும் தொட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். பாறையிலும் மணலிலும் படிந்துவிடும் செம்பைப் பிறகு முழுமையாக அகற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். மீனுக்கு மருந்து தர வேண்டுமானால் அதற்கென்று வேறு தொட்டி வேண்டும். ஒரு பிளாஸ்டிக் டப்பும் காற்றுப் பம்பும் கூடப் போதும்.

உப்பளவு ஏறிவிட்டால் பதறி ஒரே நாளில் இறக்கவும் கூடாது. அந்தத் தொட்டியில் தினமும் இரண்டு லிட்டர் நீரை எடுத்துவிட்டு இரண்டு லிட்டர் நன்னீரை மெதுவாக விடச் சொன்னேன். அப்படிச் செய்தால் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு புள்ளி வரை குறைந்து, சுமார் ஒரு வாரத்தில் 35-க்கு வந்துவிடும்.

நன்னீர் என்று நான் சொல்வது குழாய் நீரையோ கேன் தண்ணீரையோ அல்ல. குழாய் நீரில் குளோரின், ஆழ்துளைக் கிணற்று நீரில் கடினத்தன்மை, இரண்டிலுமே பாசிக்குத் தீனியாகும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் இருக்கக்கூடும். வீட்டு ஆர்.ஓ. இருக்கிறதே என்பார்கள். குடிநீருக்கான கருவிகள் பலவற்றில் சுவைக்காகக் கனிமத்தைத் திரும்பச் சேர்க்கும் அமைப்பு உண்டு, நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தால் 60, 80 என்று காட்டும். தொட்டிக்கு வேண்டியது சுழியம். ஆர்.ஓ.வுக்குப் பின் அயனி நீக்கும் பிசின் வடிகட்டி ஒன்றைச் சேர்த்தால் அது கிடைக்கும். பாறையெல்லாம் பழுப்புப் பாசி படர்ந்துவிட்டது என்று என்னை அழைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது தொட்டியைப் பற்றியல்ல, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான்.

கடற்கரையிலிருந்து குடத்தில் நீர் கொண்டுவருவது இன்னொரு வழக்கம். கூவமும் அடையாறும் கலக்கும் கரையோர நீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு மீன் ஏன் இறந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் அந்த நீரின் உப்பளவும் நிலையாக இராது. கல்லுப்பைக் கரைத்துப் பார்த்தவர்களும் உண்டு. உப்பளத்தில் வாரியெடுப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. கால்சியத்தின் பெரும்பகுதி முன்னரே படிந்துவிட, மெக்னீசியம் அடியில் எஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. அவை இல்லாமல் பவளம் கூடு கட்டாது. பவளத் தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவையை மட்டுமே வாங்குங்கள். நீரில் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் நீரை ஊற்றாதீர்கள். சிறு பம்பு வைத்து ஒரு நாள் சுழலவிட்டு, அளந்த பிறகே பயன்படுத்துங்கள். வாரம் 10 விழுக்காடு நீர் மாற்றுவது சிறு தொட்டிக்குப் போதும். அந்த மாற்றத்துக்கு மட்டும்தான் உப்பு நீர் என்பதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

புதிய தொட்டியில் முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு மீன் வேண்டாம். அம்மோனியாவை உண்ணும் நுண்ணுயிர்கள் பாறையில் குடியேற அந்த அவகாசம் தேவை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு இறங்கி நின்ற பிறகு ஒரு மீன், இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. 50, 60 லிட்டர் தொட்டியில் ஒரு சோடிக் கோமாளி மீனும் ஒரு சிறு கோபி மீனும் இருந்தால் நிறைவு. கோமாளி மீனுக்குக் கடற்சாமந்தி (அனிமோன்) இல்லாமல் தூக்கம் வராது என்று எண்ணி முதல் மாதத்திலேயே ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அது பம்பில் சிக்கி மடிகிறது. கடற்சாமந்தி இல்லாமலே கோமாளி மீன் நெடுங்காலம் வாழும். நீல நிற டாங் மீனைக் குழந்தைகள் கேட்பார்கள். முழு வளர்ச்சியில் ஓர் அடி வரை போகும் மீனை இரண்டடித் தொட்டியில் அடைக்காதீர்கள். கடைகளில் உப்புச் செலவை மிச்சப்படுத்தவும் ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தவும் மீன்களைக் குறைந்த உப்பளவில் வைத்திருப்பது வழக்கம் என்பதால், பையிலுள்ள நீரையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் மெதுவாகப் பழக்குங்கள்.

வெப்பம் பற்றி ஒரே ஒரு செய்தி. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நீர் சூடேறி மன்னார் வளைகுடாவிலேயே பவளங்கள் வெளிறின. கடலே தாங்காததை உங்கள் கண்ணாடிப் பெட்டி தாங்காது. 25, 26 பாகை நல்லது. சென்னையின் ஈரக்காற்றில் விசிறியால் இரண்டு மூன்று பாகைக்கு மேல் குறைப்பது கடினம். பகலில் ஏ.சி. ஓடாத வீட்டில் பவளம் வைப்பதானால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கியே ஆக வேண்டும். இயலாதென்றால் பவளத்தை விட்டுவிடுங்கள். மின்வெட்டுக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்தோ கரப்பான் மருந்தோ அடிக்காதீர்கள். மின்கம்பிகளை ஒரு வளைவு தொங்கவிட்டே செருகுங்கள், இல்லையென்றால் உப்பு நீர் கம்பி வழியே பிளக்குக்குள் இறங்கிவிடும்.

அடுத்து நான் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம். ராமேசுவரத்தை அடுத்த மண்டபம் பக்கமிருந்து வந்த கல் என்று சொல்லி யாராவது பாறையோ பவளமோ விற்றால் வாங்காதீர்கள். கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும் கடற்குதிரைகளும் கடலட்டைகளும், 2001-இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், சுற்றியிருந்த பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததால் அரிக்கப்பட்டு நீருக்குள் மூழ்கிவிட்டன. செயற்கைப் பாறைகள் கிடைக்கின்றன. ஒன்றிரண்டு மாதங்களில் அவையும் உயிர் பிடித்துவிடும். மீனிலும், பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யப்பட்ட கோமாளி மீனையே கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் அந்த நுட்பத்தை எப்போதோ கைவரச் செய்துவிட்டது. கடலில் பிடித்ததைவிடத் தொட்டியில் பிறந்தது தீனியும் நன்றாக எடுக்கும்.

இன்னொன்று: பாறையில் ஒட்டியிருக்கும் வேண்டாத ஜோவாந்திட்டுகளை (பூப்போல் கூட்டமாக வளரும், பவளத்துக்கு உறவான உயிர்கள்) கொல்ல அந்தப் பாறையை வெந்நீரில் வேகவைக்காதீர்கள், பல்துலக்கியால் தேய்க்கவும் செய்யாதீர்கள். அவற்றில் சில இனங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். வெட்டும்போது கையுறையும் கண் கவசமும் கட்டாயம்.

அந்த அம்மாவின் வீட்டுக்கு மறுபடி போனபோது தொட்டியின் பின்னறையில், பம்பு இருக்கும் பகுதியில், வெளிப்புறமாக ஒரு கறுப்பு டேப்பை ஒட்டிக் கொடுத்தேன். இந்த வகைத் தொட்டிகளில் நீர் குறைவது முன்பக்கம் தெரியாது. பின்னறையில்தான் இறங்கும், பம்பு காற்றை இழுத்துக் கரகரக்கும்போதுதான் பலருக்கு நினைவே வரும். தானியங்கி நிரப்பி வைத்தாலும், அதன் மிதவை சிக்கிக்கொண்டால் மொத்தமும் தொட்டிக்குள் கொட்டாத அளவுக்குச் சிறிய பாத்திரத்தையே வையுங்கள். அந்த வீட்டில் தானியங்கி வேண்டாம் என்றுவிட்டார்கள். அலமாரியில் இப்போது இரண்டு கேன்கள் இருக்கின்றன. உப்பு நீர்க் கேனின் மூடியில் “ஞாயிறு மட்டும்” என்று எழுதி ஒட்டியிருக்கிறார் மகன். மற்றதிலிருந்து காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு என்று கறுப்புக் கோடு வரை அந்த அம்மாவே ஊற்றுகிறார். நேற்று அளந்தபோது 35 காட்டியது.