பாலை நிறுத்தினீர்களா? பி12 மாத்திரையைத் தொடங்குங்கள்

"டொக்டர், சந்தையில நடக்கேக்க செருப்புக் கழன்டு போனதுகூட எனக்குத் தெரியேல்லை. பின்னால வந்த பிள்ளைதான் எடுத்துத் தந்தவள்."

இப்படிச் சொன்னவர் ஓர் ஆசிரியை, நாற்பதுகளில் இருப்பவர். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். கால்கள் விறைக்கின்றன, இரவில் ஊசி குத்துவதுபோல இருக்கிறது, படியில் இறங்கப் பயமாக இருக்கிறது என்றார். இசைக்கவையைத் தட்டி, கண்ணை மூடச் சொல்லி, கால் பெருவிரல் எலும்பில் வைத்தேன்.

"அதிருதோ டீச்சர்?"

"வைச்சிட்டீங்களோ?" என்று கேட்டார்.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தேன். காலையில் குரக்கன் புட்டு. மதியம் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல். இரவில் இடியப்பமும் சொதியும். பிறப்பிலேயே சைவம். கனடாவில் இருக்கும் தங்கை அனுப்பிய காணொளிகளைப் பார்த்து, மூன்று வருடங்களுக்கு முன் பால், தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். மிசோ என்ற ஜப்பானியப் புளித்த சோயா விழுதும் காய்ந்த கடற்பாசியும் பார்சலில் வருமாம். என்னிடம் வருகிறவர்களில் இவ்வளவு கவனமாகச் சமைப்பவர்கள் குறைவு. ஒன்றே ஒன்றுதான் அந்தச் சாப்பாட்டில் இல்லை: விட்டமின் பி12. அது குறைந்தால் நரம்பு பழுதாகும். டீச்சரின் கால் விறைப்பு அதனால்தான்.

பி12ஐ மரமும் செடியும் உண்டாக்குவதில்லை. பக்டீரியாக்கள் உண்டாக்குகின்றன. ஆடு மாடு, மீன் வழியாகத்தான் அது நமக்கு வந்து சேருகிறது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும். ஒரு கிளாஸ் பசுப்பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம் கிடைக்கும். நம் சைவக் குடும்பங்கள் பால் தேத்தண்ணியும் தயிரும் மோருமாகத் தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்தது இதனால்தான். சைவத்திலிருந்து பாலை எடுத்துவிட்டால் பி12 வந்த ஒரே வழியும் அடைபட்டுவிடுகிறது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் உடனே தெரியாது. மச்சம் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அந்தச் சேமிப்பு சில வருடங்கள் தாங்கும். பிறப்பிலேயே சைவமானவருக்குக் கையிருப்பே குறைவு, விரைவில் முடிந்துவிடும்.

"தேங்காய்ப்பாலும் பால்தானே டொக்டர்?" என்று பலர் கேட்கிறார்கள். பெயர்தான் பால். தேங்காய்ப்பாலில் பி12 இல்லை, கல்சியமும் புரதமும் மிகக் குறைவு. சொதி நல்ல சாப்பாடு, ஆனால் அது தயிரின் இடத்தை நிரப்பாது. தோசை மா புளிக்கிறதே, பழஞ்சோற்றில் பக்டீரியா இருக்கிறதே என்பார்கள். இவற்றையும் மிசோவையும் பி12க்கு நம்ப முடியாது. ஸ்பிருலினா என்ற பாசித் தூளில் இருப்பது பெரும்பாலும் பி12 போலத் தோற்றமளிக்கும் வேறு பொருள், நம் உடலுக்குப் பயன்படாது.

டீச்சரின் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய சரியாகவே இருந்தது. அதனால்தான் முன்பு பார்த்த இடத்தில் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். பி12 குறைந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் பெருத்து, சோகை வர வேண்டும். ஆனால் தினமும் கீரையும் பருப்பும் சாப்பிடுகிறவருக்குப் போலிக் அமிலம் தாராளமாகக் கிடைக்கிறது. அது இரத்தத்தை ஓரளவு காப்பாற்றிவிடும், நரம்பைக் காப்பாற்றாது. கூடவே இரும்புச்சத்தும் குறைந்தால் சில அணுக்கள் சிறுத்து, சராசரி அளவு சரியாக இருப்பதுபோலக் காட்டும். ஆகவே பாலை விட்டவர்கள் பி12 அளவைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். நீரிழிவுக்கு நீண்டகாலம் மெற்போர்மின் எடுப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். அந்த மருந்தும் பி12ஐக் குறைக்கும்.

பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாதவரைக் குறிக்கும் வீகன் என்ற சொல் இங்கிலாந்தில் 1944இல் பிறந்தது. பி12 முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது 1948இல்தான். தொடங்கியவர்களுக்கே அன்று இது தெரிந்திருக்க வழியில்லை. அந்தச் சொல்லை உருவாக்கிய சங்கமே இன்று தெளிவாகச் சொல்கிறது: தினம் குறைந்தது 10 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது வாரத்துக்கு ஒருமுறை 2000 மைக்ரோகிராம். மாத்திரை எடுத்தால் கொள்கை கெட்டுவிடுமோ என்று தயங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன், இந்த பி12ஐத் தொழிற்சாலையில் பக்டீரியாவை வளர்த்தே எடுக்கிறார்கள்.

மிசோவும் கடற்பாசியும் சேரும் மக்ரோபயோட்டிக் என்ற உணவு முறை பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். ஜப்பானியரான ஜோர்ஜ் ஒசாவா 20ஆம் நூற்றாண்டில் பரப்பிய முறை அது. தட்டில் பாதியளவு முழுத்தானியம், பிறகு மரக்கறி, பருப்பு, கடற்பாசி, மிசோ சூப். நன்றாக மென்று சாப்பிட வேண்டும். அவர் படிப்படியாக வகுத்த முறையில் ஏழாம் படி தானியம் மட்டுமே. 1965இல் அமெரிக்காவில் அப்படிச் சாப்பிட்டு வந்த இளம்பெண் ஒருவர் இறந்தார். அந்தப் படியை யாரும் வீட்டில் முயல வேண்டாம்.

ஆனால் அந்த முறையின் அடிப்படை எனக்குப் பிடிக்கும்: வாழும் மண்ணில், அந்தந்தப் பருவத்தில் விளைவதைச் சாப்பிடு. அப்படிப் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்குக் கொம்பு என்ற ஜப்பானியக் கடற்பாசி எதற்கு? அதில் அயடீன் மிக அதிகம், தினமும் போட்டால் தைரொயிட்டையே குழப்பும். மொட்டைக்கறுப்பன் அரிசி, குரக்கன், ஒடியல் மா, உழுந்து, பயறு, எள்ளு, முருங்கை, பொன்னாங்காணி என்று இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலேயே எல்லாம் இருக்கிறது. 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கல்சியம் உண்டு. மீன் போடாத ஒடியல் கூழில் பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை போட்டு, பழப்புளி கரைத்து ஒருமுறை காய்ச்சிப் பாருங்கள். ஒடியல் மாவை மட்டும் ஊறவைத்து, மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கைப்பைப் போக்கிக்கொள்ளுங்கள். கடைச் சம்பலில் மாசிக்கருவாடு கலந்திருக்கும், கேட்டு வாங்குங்கள். இயற்கை உப்பு என்று அயடீன் சேர்க்காத கல்லுப்புக்கு மாறிவிடாதீர்கள். இலங்கையில் 1995இலிருந்து உப்பில் அயடீன் சேர்ப்பது காரணத்தோடுதான்.

சோறு சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கிற நம் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடலில் சேரவிடாமல் தேயிலைச் சாயம் தடுத்துவிடும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். வறையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும்தான். தாயிடம் பி12 இல்லையென்றால் தாய்ப்பாலிலும் இருக்காது. பிறந்தபோது நன்றாக இருந்த பிள்ளை நாலு, ஐந்து மாதம் போனதும் சிரிப்பை நிறுத்தும், சோர்ந்துபோகும், தூக்கிய தலையை மறுபடி தொங்கவிடும். 1980களில் நெதர்லாந்தில் மக்ரோபயோட்டிக் குடும்பங்களின் குழந்தைகளை ஆராய்ந்தபோது வளர்ச்சிக் குறைவு, எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய், பி12 குறைபாடு மூன்றையுமே கண்டார்கள். தங்கச்சிமாரே, பால் குடிப்பதில்லை என்பதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவில் பால்மா சேர்ந்திருக்கிறது. அதை நீங்கள் சாப்பிடாமல் வைத்திருந்தால் குடும்ப நல உத்தியோகத்தருக்கு அது தெரிய வேண்டும். யாரும் உங்களை ஏசினால் என்னிடம் வாருங்கள்.

டீச்சருக்கு ஊசி தொடங்கினோம். பாலுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பி12ஐ ஊசியிலும் மாத்திரையிலும் கொடுக்க முடிகிறபோது அவருடைய முடிவை மாற்ற எனக்கு என்ன தேவை? ஆறு மாதம் கழித்து மறுபடி இசைக்கவையை வைத்தேன். வலது காலில் "அதிருது, அதிருது" என்றார். இடது பெருவிரலில் இன்னும் வரவில்லை.