குவான் என்பது விகாரை அல்ல

பெய்ஜிங்கில் சீனச் சமயமான தாவோ நெறியின் துறவியர் வாழும் பையுன் குவானைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று பார்த்தேன். தமிழ்க் குரல் முதலிலிருந்து கடைசிவரை 'வெண்மேக விகாரை' என்றே சொன்னது. 'வெண்மேகம்' சரி. 'விகாரை' எங்கிருந்து வந்தது?

குவான் என்ற சீன எழுத்துக்கு அடிப்படைப் பொருள் 'பார்த்தல்'. ஹான்கு கணவாய்க் காவல் அதிகாரி இன் சி, விண்மீன்களைப் பார்க்கப் புல்வேய்ந்த மாடம் ஒன்று கட்டினாராம். கிழக்கிலிருந்து ஊதா நிற ஆவி வருவதைக் கண்டு, ஞானி ஒருவர் வருகிறார் என்று உணர்ந்தார். வந்தவர் தாவோ நெறியின் முதல் ஆசானாகப் போற்றப்படும் லாவோட்சு. அவரிடம் கேட்டுப் பெற்றதுதான் ஏறத்தாழ 5000 எழுத்துகள் கொண்ட, அந்நெறியின் மூலநூலான தாவோ தே ஜிங் என்பது மரபுக்கதை. சியான் நகருக்கு அருகே சோங்நான் மலையடிவாரத்தில் உள்ள லோகுவான் அந்த மாடத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது.

விகாரை பௌத்தத் துறவியர் உறைவிடம். சீனத்தில் பௌத்தருக்குச் 'சி', தாவோ நெறியினருக்குக் 'குவான்' அல்லது 'கோங்'. கோங் என்றால் அரண்மனை. நம் 'கோயில்' அரசன் இல்லத்திலிருந்து இறைவன் இல்லத்துக்கு வந்ததுபோல. சீனர் பெயரிலேயே பிரித்துவைத்ததை நாம் ஏன் ஒன்றாக்கிக் குழப்ப வேண்டும்? தமிழில் சொல் இல்லையா? சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் சிவனுக்குக் கோயில், திருமாலுக்கு நியமம், பலதேவனுக்கு நகரம், முருகனுக்குக் கோட்டம், அறவோருக்குப் பள்ளி என்று அடுத்தடுத்த அடிகளில் ஐந்து சொற்கள் வருகின்றன. அந்த நுட்பம் உள்ள மொழியில், சீனாவில் வளைந்த கூரை தெரிந்தாலே விகாரை என்றோ பகோடா என்றோ எழுதிவிட்டுப் போகிறார்கள். பகோடா கோபுரம்; அதில் யாரும் குடியிருப்பதில்லை.

நண்பர் ஒருவர் 'நோக்ககம்' என்றார். தனித்தமிழ்தான், ஆனால் தொலைநோக்கி வைத்த கட்டடம்தான் நினைவுக்கு வரும். வேர்ச்சொல்லைப் பெயர்த்தால் பொருள் வந்துவிடாது. கோயிலை யாரும் 'அரசன் வீடு' என்று பிறமொழிக்குக் கொண்டுபோவதில்லை.

நான் 'மடம்' என்பேன். வடமொழி வழி வந்தது என்ற குறை சொல்வார்கள்; திருவாவடுதுறையும் தருமபுரமும் அறிந்த தமிழருக்கு அது அயலாகத் தோன்றாது. துறவியர் தங்கி, குரு வழி காத்து, வழிபாடும் நடத்தும் இடம். பையுன் குவானும் அப்படித்தான்: செங்கிஸ் கானை நேரில் சந்தித்துத் திரும்பிய தாவோ துறவி ச்சியு ச்சூஜி 1224-இல் அங்கே தங்கினார், 1227-இல் அங்கேயே இறந்தார். அவர் வழியில் வந்த லோங்மென் என்ற தாவோ பிரிவுக்கு அதுவே தலைமை மடம்.

ஆகவே 'வெண்மேக மடம்'. சீனப் பெயரையே வைப்பதானால் 'பையுன் குவான்' போதும். 'பையுன் குவான் கோயில்' வேண்டாம்.