இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு கிண்ணம் கஞ்சி

மாசி மாதம், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பெரும்போக அறுவடை. அம்மா வயல் வட்டைக்குப் போய்விட்டார். திண்ணையில் அம்மம்மா குழைந்த சோற்றைக் கிண்ணத்தில் விரலால் மசித்து, கஞ்சியாக்கி, எட்டு மாதப் பிள்ளைக்கு ஊட்டுகிறார். வேளாண்மை செய்த கூட்டங்கள் ஏன் மற்றவர்களை விட வேகமாகப் பெருகின என்பதற்கு முக்கியமான ஒரு விடை அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது.

பிள்ளை அடிக்கடி, இரவிலும், பால் உறிஞ்சும்போது தாயின் மூளைக்கு ஒரு சைகை போகிறது. சினைமுட்டையை வெளிவிடும் ஹார்மோன்களை அது அடக்கிவைக்கிறது. கஞ்சி கூடக்கூடப் பால்குடி குறையும். அடுத்த கரு முந்திக்கொள்ளும். தாய்க்கும் வயிறாரச் சோறு கிடைத்தால் இன்னும் விரைவு.

வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்ந்தவர்களிடம் பல் முளைக்காத வாய்க்கு ஏற்ற உணவு குறைவு. ஆகவே பால்தான், வருடக்கணக்கில். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்துக் குங் மக்களிடையே இரு பிறப்புகளுக்கு நடுவே ஏறக்குறைய 4 ஆண்டுகள் இருந்தன. ஒருத்தி 20 முதல் 40 வயது வரை பெறுகிறாள் என்று வையுங்கள். 4 ஆண்டு இடைவெளியில் 6 பிள்ளைகள். இரண்டரை ஆண்டு என்றால் 9.

சரி, எல்லாம் பிழைத்ததா? இல்லை. ஒரே இடத்தில் நெருங்கி வாழ்ந்த ஊர்களில் நோயும் அதிகம். மிஞ்சியது சிறு வித்தியாசம்தான், ஆனால் அதுவே போதும். ஆண்டுக்கு 1 வீதம் வளரும் கூட்டம் 70 ஆண்டில் இரட்டிக்கும், 0.1 வீதம் என்றால் 700 ஆண்டு.

பிறப்பும் இறப்பும் மட்டும் கணக்கல்ல. 1949இல் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் தொடங்கியபின் அம்பாறையில் உழவர் தொகை ஏறியதற்கு வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் பெரிய காரணம். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள் இன்று மீனும் பிடிக்கிறார்கள், காடு வெட்டிச் சேனைப் பயிரும் செய்கிறார்கள். அவர்களை உழவர் பக்கம் எழுதுவதா, மற்றவர்கள் பக்கம் எழுதுவதா?

இப்போது குடும்பத்திட்டமும் பெண்களின் படிப்பும் வந்து, கஞ்சிக் கிண்ணத்தின் பிடி தளர்ந்துவிட்டது. எத்தனை பேர் வேளாண்மை செய்யலாம் என்பதற்குக் காணியும் எல்லை போடுகிறது. நம்மிடம் அது பெரும்பாலும் பெண்வழிச் சீதனம்: 6 ஏக்கர் மூன்று மகள்களுக்கு இரண்டிரண்டாகி, பேத்திகளிடம் ஒவ்வொன்றாகிறது. ஒரு ஏக்கரில் குடும்பம் ஓடாது. பேத்தியின் கணவர் கல்முனையில் கடைவேலைக்குப் போகிறார், தம்பி கட்டாருக்கு. தொழிலைப் பார்த்தால் இருவரும் வேளாண்மை செய்யாதவர்கள். இருவருக்கும் முதல் கஞ்சி வயல் நெல்லில்தான்.