அலுமினியத்துக்கு ஏது துரு?

வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களைப் பற்றிய தமிழ்க் காணொளி அது. தகட்டில் பச்சைமஞ்சளாக எதையோ பூசிக்கொண்டிருக்க, "அலுமினியம் துருப்பிடிக்காமல் இருக்க இந்தப் பூச்சு" என்றது பின்னணிக் குரல். இதை எத்தனை முறைதான் கேட்பது!

அங்கே சொல்ல வந்தது உலோகம் அரிபட்டுப்போவதை; ஆங்கிலத்தில் கொரோஷன். அதன் லத்தீன் வேருக்குக் கொறித்தல் என்று பொருள். தமிழில் அரிமானம். கரையான் அரிக்கிறதே, அதே அரி. தேய்மானம், கட்டுமானம் போல மானம் சேர்ந்திருக்கிறது. சொற்பிறப்பு அவ்வளவுதான்.

துரு என்றால் இன்றைய வழக்கில் இரும்பில் பிடிக்கும் செந்நிறப் பொருள். செம்பில் பிடிப்பதற்குக் களிம்பு என்று தனிப்பெயரே உண்டு. உயிரைப் பற்றியிருக்கும் ஆணவ மலம் என்ற அழுக்குக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமை செம்பில் களிம்புதான். உலோகத்துக்கு உலோகம் பேர் பிரித்து வைத்திருந்த மொழியில் இப்போது எல்லாமே துரு.

"புரிந்தால் போதாதா?" என்பார்கள். புரிவதே தப்பாக அல்லவா புரிகிறது! இரும்புத் துரு உதிர்ந்து உள்ளிருக்கும் இரும்பையும் காட்டிக்கொடுக்கும். அலுமினியத்தின் ஆக்சைடு நேர்மாறு; மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டு உலோகத்தைக் காக்கும். சரி, பிறகு பூச்சு எதற்கு? விமானத்துக்குப் பயன்படும், 2024 என்ற எண்ணால் குறிக்கப்படும் அலுமினியக் கலவையில் வலிமைக்காகச் சுமார் 4 சதவீதம் செம்பு இருக்கிறது. அந்தச் செம்புதான் வினை, அரிமானத்துக்கு வழிவிடுவது அதுதான். அதனால்தான் தகட்டின் இரு பக்கமும் தூய அலுமினியத்தை மெல்லிய படலமாக ஒட்டி 'ஆல்கிளாட்' என்று விற்கிறார்கள். வீட்டில் கட்டும் விமானங்களுக்குப் பாகத் தொகுப்பு விற்கும் வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி கிட்டுகளில் மேல்தகடு பெரும்பாலும் இதுதான். ஆனாலும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் ஈரம் தங்கினால் அரிமானம் தொடங்கும். எஃகு போல்ட்டு நேரடியாகத் தொடும் இடத்திலும் அப்படியே. வருவது சிவப்பு அல்ல, வெள்ளைப் பொடி. துரு என்று படித்தவர் சிவப்பைத் தேடுவார். வெள்ளையைத் தூசி என்று துடைத்துவிட்டுப் போவார். இன்னொருவர், "அலுமினியம்தான் துருப்பிடிக்காதே" என்று பூச்சையே விட்டுவிடுவார். அவர் சொன்னது உண்மை, செய்தது தப்பு!

வெறும் 'அரிப்பு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. மண்ணரிப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். "இறக்கையில் அரிப்பு ஏற்பட்டால் உடனே கவனிக்கவும்" என்று படித்தால் எனக்குச் சொறியத்தான் கை போகிறது.

அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுவதுதான் இப்போது மொழிபெயர்ப்பு. அதே ஆட்கள், பெயின்ட்டுக்கு முன்னால் அடியில் பூசும் பிரைமரை மட்டும் கவனமாக 'முதற்பூச்சு' ஆக்கிவிடுவார்கள். பெயின்ட் கடையில் போய் முதற்பூச்சு கேட்டுப் பாருங்கள். எனக்குப் பிரைமர் பிரைமராகவே இருக்கட்டும், 'அரிமானத் தடுப்பு பிரைமர்' என்று எழுதினால் சரி.