வீட்டுத் திராட்சையில் ஒயின்: அமெரிக்கச் சட்டம் தரும் 200 காலன் விலக்கு

அமெரிக்காவில் வீடு வாங்கிக் கொல்லையில் திராட்சைக் கொடி வைத்தவர்களுக்கு மூன்றாம் வருஷம் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கும்போது ஒரு சந்தேகம் வரும். இதில் ஒயின் போடலாமா? லைசென்ஸ் எடுக்க வேண்டுமா? போடலாம். மத்திய அரசைப் பொறுத்தவரை லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், படிவம் ஏதும் கிடையாது.

ஆனால் இதை அனுமதி என்று எடுத்துக்கொள்பவர்கள்தான் பிறகு தடுமாறுகிறார்கள். இது வரிவிலக்கு. சாராயம் 16 சதவீதத்துக்கு மேற்படாத சாதாரண ஒயினுக்கு மத்திய வரி காலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 1.07 டாலர். வீட்டுக்காகச் செய்யும் ஒயினுக்கு அந்த வரி வேண்டாம் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே. முழு 200 காலனுக்கும் கணக்குப் போட்டால் 214 டாலர். டிடிபி எனப்படும் மது, புகையிலை வரித்துறை நடைமுறைப்படுத்தும் 24.75-ஆம் விதியில் இது இருக்கிறது. ஒரு பக்கம்கூட வராது, ஆங்கிலத்திலேயே ஒருமுறை படித்துவிடுங்கள்.

அளவு வீட்டுக் கணக்கு, ஆள் கணக்கு அல்ல. வயது வந்தவர் ஒருவர் மட்டும் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன். இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். கூட்டுக் குடும்பமாக எட்டுப் பேர் இருந்தாலும் அதே 200 தான். வயது வந்தவர் என்பதற்கு விதி 18 என்று தொடங்கினாலும், அந்த ஊரில் ஒயின் வாங்கும் வயது அதிகமாக இருந்தால் அதுவே செல்லும் என்கிறது. எல்லா மாநிலத்திலும் அது 21 என்பதால், கல்லூரிக்குப் போகும் 19 வயது மகன் கணக்கில் வரமாட்டான். ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. அந்த ஆண்டில் எவ்வளவு செய்தீர்கள் என்பதுதான் கேள்வி. போன வருஷத்துப் பாட்டில்கள் நிலவறையில் கிடப்பது இதில் சேராது. கடையில் வாங்கிய பழச்சாற்றில் செய்தாலும், மாம்பழத்திலோ தேனிலோ செய்தாலும் சட்டத்தின் கண்ணில் எல்லாம் ஒயின், ஒரே 200-க்குள் அடங்க வேண்டும். பீருக்குத் தனியாக இதே அளவு உண்டு.

முன்பு இந்த உரிமை பதிவு செய்துகொண்ட குடும்பத் தலைவருக்கு மட்டும் இருந்தது. தனியாக வாழ்பவருக்குக் கிடையாது. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோதுதான் பதிவும் போனது, குடும்பத் தலைவர் நிபந்தனையும் போனது.

வீட்டுக் கொல்லை இந்த உச்சவரம்பைத் தொடுமா என்றால், அநேகமாகத் தொடாது. ஒரு காலன் ஒயினுக்கு 13 பவுண்டு பழம் வேண்டும். நன்றாகப் பராமரித்த கொடி 10 பவுண்டு தரும் என்று வையுங்கள். 200 காலனுக்கு 260 கொடி ஆகிறது. கொடிக்குக் கொடி 6 அடி, வரிசைக்கு வரிசை 8 அடி விட்டால் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான, சுமார் 12,500 சதுர அடி நிலம் வேண்டும். 20 கொடி வைத்தவருக்கு 200 பவுண்டு பழம், 15 காலன், அதாவது 75 பாட்டில் கிடைக்கும். அதுவும் நாலாவது வருஷம்தான். முதல் இரண்டு வருஷமும் பூங்கொத்தைக் கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேர் பிடிப்பதற்குள் கொடி காய்த்துக் களைத்துப்போகும். குளிர்காலக் கடைசியில் கவாத்து செய்யக் கை கூசுபவர்கள் பலர். முந்தைய வருஷக் கிளையில் பத்தில் ஒன்பது பங்கை வெட்டித் தள்ளினால்தான் பழம் ஒழுங்காக வரும்.

சட்டம் குறுக்கே வரும் இடம் ஒன்று நடவிலேயே இருக்கிறது. கம்பத்துப் பன்னீர் திராட்சைக் குச்சியைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர முடியாது. வெளிநாட்டுத் திராட்சை நாற்றையும் குச்சியையும் வேளாண் துறையின் சிறப்பு அனுமதியும் தனிமைக் காப்பும் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. அதற்கு அவசியமும் இல்லை. அந்த ரகம் மஸ்கட் ஹாம்பர்க்தான், இங்குள்ள நாற்றங்கால்களிலேயே தேடினால் கிடைக்கும். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகவும் கட்டுப்பாடு உண்டு. ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் நோயற்றது என்ற சான்றுள்ள நாற்றைத்தான் ஏற்கும்.

கலிபோர்னியாவின் வறண்ட கோடைக்கு ஐரோப்பிய ரகங்கள் சரி. நியூஜெர்சியிலோ வர்ஜீனியாவிலோ அதே கேபர்னே கொடியை வைத்தால் கோடை மழையில் கருப்பு அழுகலும் அடிச்சாம்பலும் ஜூலைக்குள் பழத்தை முடித்துவிடும். அங்கே சேம்பர்சின், நார்ட்டன் மாதிரி ரகங்கள் தாங்கும். மின்னசோட்டாக் குளிருக்கு அந்த மாநிலப் பல்கலைக்கழகமே உருவாக்கிய மார்க்கெட் (Marquette) என்ற ரகம் இருக்கிறது. டெக்சஸ் வளைகுடாப் பக்கம் பியர்ஸ் நோய் கொடியையே கொன்றுவிடும் என்பதால் அதைத் தாங்கும் பிளாங்க் டு பாய் (Blanc du Bois) ரகம் தவிர அதிகம் யோசிக்க வேண்டாம். எதை வாங்குவதற்கு முன்பும் உங்கள் கவுண்டியின் எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில் கேளுங்கள். மாநில வேளாண் பல்கலைக்கழகத்தின் கிளை அது. ஆலோசனைக்குப் பெரும்பாலும் காசு கிடையாது, மண் பரிசோதனைக்கு மட்டும் சிறு கட்டணம். வரிவிலக்கை விட உண்மையில் பயன்படும் உரிமை இதுதான்.

பழம் வந்தபின் 5 காலன் சிவப்பு ஒயினுக்கான கணக்கு இது. 65 முதல் 70 பவுண்டு பழம். சர்க்கரை அளவு 22 முதல் 24 பிரிக்ஸ் வரும்போது பறிக்க வேண்டும். நாக்கை நம்பாமல், சர்க்கரை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். பிரிக்ஸை 0.55 ஆல் பெருக்கினால் சாராயச் சதவீதம் ஏறக்குறையத் தெரியும். 19-இல் நின்றுவிட்டால், காலனுக்கு 45 கிராம் சர்க்கரை ஒரு பிரிக்ஸ் ஏற்றும். காம்பை நீக்கி நசுக்கி, வேண்டாத கிருமிகளை அடக்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கால் டீஸ்பூன் கலந்து ஒரு நாள் விட்டு, 5 கிராம் ஒயின் ஈஸ்ட் போடுங்கள். ரொட்டி ஈஸ்ட் வேண்டாம். பாத்திரம் 10 காலனாவது கொள்ள வேண்டும், தோல் மேலே பொங்கி வரும். அந்தத் தோலை நாளுக்கு மூன்று முறை அழுத்தி உள்ளே விட வேண்டும். அழுத்தாமல் விட்டால் காய்ந்து புளிக்கும். ஒரு வாரத்தில் பிரிக்ஸ் பூஜ்யத்துக்கு வந்ததும் பிழிந்து, கார்பாய் எனும் குறுகிய கழுத்துள்ள பெரிய கண்ணாடி ஜாடியில் கழுத்துவரை நிரப்பி, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மூடி போடுங்கள்.

கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பாதி நிரம்பிய கார்பாயில் காற்று நிற்கும், இரண்டு மாதத்தில் வினிகர். மிச்ச இடத்தை வேறு ஒயினால் நிரப்புங்கள், இல்லாவிட்டால் சிறிய ஜாடிக்கு மாற்றுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் ஈஸ்டுக்கு நைட்ரஜன் போதவில்லை. அடிவண்டலை விட்டு உடனே காற்றுப்பட வடித்து மாற்றினால் ஆரம்பத்தில் சரியாகிவிடும். நொதிப்பு முழுதாக முடியாமல் பாட்டிலில் அடைத்தால் கார்க்கைத் தள்ளும், சில நேரம் பாட்டிலே வெடிக்கும். நிலவறையில் செய்கிறவர்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள். நொதிப்பில் வரும் கரியமில வாயு கீழேயே தங்கும்.

இனி விலக்கு எங்கே முடிகிறது என்பது. விற்கக் கூடாது, விற்பனைக்கு என்று காட்டவும் கூடாது. "எந்தச் சூழ்நிலையிலும்" என்ற சொல் விதியிலேயே இருக்கிறது. பாட்டில் செலவுக்கு மட்டும் 5 டாலர் வாங்குவதும் விற்பனைதான். போட்டிக்கும் சுவைத்துப் பார்க்கும் கூட்டத்துக்கும் வீட்டிலிருந்து எடுத்துப் போகலாம். ஆனால் சங்கமோ நிறுவனமோ சேர்ந்து செய்யும் ஒயினுக்கு விலக்கு இல்லை. தமிழ்ச் சங்கம் பொங்கல் விழாவுக்கென்று பொதுவில் ஒரு பீப்பாய் போட்டால் அது விதிக்கு வெளியே. தபாலில் அனுப்புவது குற்றம். யுபிஎஸ், ஃபெடெக்ஸ் உரிமம் பெற்றவர்களிடம் மட்டுமே மதுவை வாங்கிக்கொள்ளும்.

மிஞ்சிய ஒயினைக் காய்ச்சி பிராந்தி எடுக்கலாமே என்று நினைக்கவே வேண்டாம். காய்ச்சி வடிப்பதற்கு வீட்டு விலக்கு கிடையாது. அதற்கான மத்திய தண்டனை 5 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மத்திய விலக்கு மாநிலச் சட்டத்தை மீற வழி தராது. அலபாமாவில் வீட்டு ஒயின், பீர் எல்லாம் சேர்த்து மூன்று மாதத்துக்கு 15 காலன்தான், மது விலக்குள்ள கவுண்டிகளில் அதுவும் இல்லை. மாநில மதுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையப் பக்கத்தில் வீட்டுத் தயாரிப்பு பற்றிய பகுதியைப் பாருங்கள். வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் மறுபடியும் பாருங்கள். ஊரில் அப்பா அம்மாவுக்குச் செய்முறையை எழுதி அனுப்புகிறவர்கள் கவனிக்க: தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டு அடுப்படியில் போடும் திராட்சை ஒயினும் அதில் அடங்கும்.