வார்டுக் கழிவறையில் பீடி வாசனை

கடலூரில் நுரையீரல் நோய் மருத்துவராகப் பணியாற்றத் தொடங்கிய காலத்தில், ஆண்கள் வார்டின் கோடியில் இருந்த கழிவறையை விடியற்காலையில் கடக்கும்போதெல்லாம் பீடி வாசனை வரும். செவிலியர் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து இருமல் மட்டுமே பதிலாகக் கேட்கும். ஒருநாள் அப்படி வெளியே வந்தவர், தேவனாம்பட்டினம் பக்கத்து மீனவர், அறுபதைக் கடந்தவர். நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் முற்றி முந்தைய நாள்தான் சேர்க்கப்பட்டிருந்தார். மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைக் கழற்றி, அது திறந்திருந்தபடியே படுக்கையில் போட்டுவிட்டு வந்திருந்தார். "கோவிச்சுக்காதீங்க டாக்டரய்யா, ரெண்டே இழுப்புதான். இல்லன்னா தலையே வெடிச்சிடும் போல இருக்கு" என்றார். நான் கடிந்துகொண்டு, தலையணைக்கு அடியிலிருந்த பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் பறிமுதல் செய்தேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாகவே அன்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸுக்குப் போனபோது கட்டில் காலியாக இருந்தது. கையிலிருந்த ஊசிக்குழாயோடு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

மருத்துவமனையில் நோயாளியைப் புகைக்க விடலாமா என்று உறவினர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கூடாது என்பதே என் பதில். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடும் மருத்துவமனை பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை இதில் விவாதத்துக்கு இடமில்லை. சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003இல் வந்தது. பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ளன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விமான நிலையங்களிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தங்கும் விடுதிகளிலும் உணவகங்களிலும் புகைப்பதற்குத் தனி இடம் ஒதுக்க அந்த விதிகள் இடம் தந்தன. மருத்துவமனைக்கு அந்த விலக்கும் இல்லை.

அபராதத்தைவிட என்னை அச்சுறுத்துவது அந்தப் படுக்கையில் திறந்து கிடந்த குழாய்தான். ஆக்சிஜன் தானாகத் தீப்பற்றும் வாயு அன்று. ஆனால் அது நிறைந்த இடத்தில் போர்வை, தலைமுடி, பிளாஸ்டிக் குழாய் எல்லாமே நொடியில் பற்றிக்கொள்ளும். துணியில் தங்கிய ஆக்சிஜன், குழாயை மூடிய பின்னரும் சிறிது நேரம் அகலாது. ஆகவே "கழற்றிட்டுதானே குடிச்சேன்" என்ற சமாதானம் செல்லாது. வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருக்கும் குடும்பங்கள் இதை வார்டைவிடக் கூடுதல் கவனத்தோடு கடைப்பிடிக்க வேண்டும். அங்கே கதவைத் தட்டச் செவிலியர் இருக்கமாட்டார்.

நம்மை ஏமாற்றும் இன்னொன்றும் உண்டு. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. கழிவறையிலிருந்து திரும்பியவரின் விரலில் அது நல்ல எண்ணைக் காட்டும். உடலோ உள்ளே திணறிக்கொண்டிருக்கும். பீடி இதில் சிகரெட்டுக்கு இளைத்ததன்று. அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும் என்பதாலேயே பீடி பிடிப்பவர் அதிகம் இழுக்கிறார்.

இனி, நான் பறிமுதல் செய்த கட்டுக்கு வருகிறேன். ரத்தத்தில் நிகோடினின் அளவு ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். நாற்பது ஆண்டுகளாக அரை மணிக்கு ஒரு பீடி பற்றவைத்தவருக்கு, சேர்க்கப்பட்ட அன்று மாலையே எரிச்சலும் பதற்றமும் தொடங்கும், தூக்கம் போகும். இது இரண்டாம், மூன்றாம் நாள்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு சில வாரங்களில் மெல்லத் தணியும். அதாவது, அந்தப் பெரியவர் கட்டிலை விட்டுப் போனது மிகச் சரியாக எதிர்பார்க்கத்தக்க நாளில்தான். நாங்கள் கேஸ் ஷீட்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினோம். வலிக்கு ஊசி போடுகிறோம், காய்ச்சலுக்கு மாத்திரை தருகிறோம். இந்த வேதனைக்கு மட்டும் திட்டு.

கொடுக்க மருந்து இல்லாமலும் இல்லை. புகையில்லாமல் நிகோடினை மட்டும் தரும் நிகோடின் மாற்று மருந்துகள் 2009 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. 2 மில்லிகிராம் சூயிங்கம் நம் மருந்துக்கடைகளிலேயே கிடைக்கிறது. அதைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மெல்லக் கூடாது என்பதைப் பெரும்பாலோருக்கு யாரும் சொல்வதில்லை. காரம் சுரக்கும்வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். டீ குடித்த கையோடு போட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. பல் இல்லாத முதியவர்களுக்குத் தோலில் ஒட்டும் பட்டை பொருத்தம். இவை ஆசையை அடியோடு போக்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கட்டிலில் இருக்க வைக்கும் அளவுக்கு அடக்கும்.

புகையை நிறுத்தியதை மருத்துவரிடம் மறைப்பதும் ஆபத்துதான். புகையிலுள்ள தார்ப் பொருட்கள் சில மருந்துகளைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி தூண்டுகின்றன. ஆஸ்துமாக்காரர்களுக்குப் பழக்கமான டெரிஃபிலின் மாத்திரையிலுள்ள தியோஃபிலினும், மனநல சிகிச்சையில் தரப்படும் குளோசபினும் அத்தகையவை. புகை நின்றதும் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தேங்கும். படபடப்பு, வாந்தி, சில வேளைகளில் வலிப்பும் வரலாம். நிகோடின் பட்டைக்கு இந்தத் தூண்டல் கிடையாது. எனவே பட்டை ஒட்டியிருந்தாலும் மருந்தின் அளவைத் திருத்த வேண்டியிருக்கும்.

என் பதில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இனி குணமில்லை என்று தெரிந்து, நாள்களை எண்ணிக்கொண்டிருக்கும் நோயாளி ஒரு பீடி கேட்டால்? வார்டுக்குள் அப்போதும் கூடாது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு மூச்சு வேண்டும். ஆனால் வீட்டுக்குப் போய்விட்ட பிறகு, ஆக்சிஜனை நிறுத்தி, அறையை விட்டு வேப்பமரத்தடியில் அவரை உட்காரவைத்து மகன் பற்றவைத்துக் கொடுத்தான் என்று கேள்விப்பட்டால், நான் அந்த மகனைக் கடிந்துகொள்வதில்லை. முன்பு கடிந்துகொண்டிருக்கிறேன்.

இப்போது நோயாளியைச் சேர்க்கும்போது "புகைப்பீர்களா" என்பதோடு, எழுந்த எத்தனை நிமிடத்தில் முதல் பீடி என்றும் கேட்கிறேன். "பல் விளக்கறதுக்கு முன்னாடியே சார்" என்று சொல்பவருக்கு அன்று மாலைக்குள் நிகோடின் மருந்து தொடங்க வேண்டும். உடன் இருப்பவர்கள் டிஃபன் பொட்டலத்தோடு பீடியைக் கொண்டுவருவதற்குப் பதிலாக, நாளுக்கு எத்தனை என்ற உண்மைக் கணக்கைச் சொன்னால் அளவை முடிவு செய்வது எளிது. வீடு திரும்பிய பின் 1800 112 356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் அதை நான் கையால் எழுதிக் கொடுக்கிறேன்.