அடிமரத்தை வெட்டியும் விழாத லினக்ஸ்

"பென்டிரைவைச் செருகி மின்சாரம் கொடுத்துவிட்டுப் போனால், ஆள் இல்லாமலே சர்வர் பழைய நிலைக்கு வந்துவிடுமா? ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் டிஸ்கை எப்படி அழிக்க முடியும்?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

பேக்கப்பும் மீட்பு ஸ்கிரிப்டும் வைத்துப் பென்டிரைவைத் தயார் செய்திருந்தால், வந்துவிடும். இரண்டாவது கேள்விதான் சுவையானது. நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுவதுபோலத் தெரிகிறது. ஆனால் வெட்டுகிறவர் அந்த மரத்திலேயே இல்லை, ரேமில் இருக்கிறார்.

பூட் ஆவது தெரிந்த கதைதான். மெஷினை எழுப்பும் அடிப்படை நிரலான யுஇஎஃப்ஐ, பென்டிரைவின் ஃபேட்32 பார்ட்டிஷனிலிருந்து (பகுதியிலிருந்து) பூட்லோடரை, அதாவது லினக்ஸை ஏற்றிவிடும் சிறு நிரலை, எடுக்கும். பூட்லோடர், லினக்ஸின் மையமான கெர்னலையும் தொடக்கத்துக்கான இனிட்ரேம்எஃப்எஸ் கோப்பையும் ரேமில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

இந்த இனிட்ரேம்எஃப்எஸ் வெறும் சிபிஐஓ கட்டு, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியது. டார் கோப்புக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கெர்னல் அதை ரேமில் பிரித்துப் பரப்பி, அதையே ரூட்டாக (கோப்பு மரத்தின் வேராக) வைத்துக்கொண்டு, அதிலுள்ள 'இனிட்' என்ற நிரலை முதல் பிராசஸாக ஓட்டும். டிஸ்க் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காது. அதனால்தான் டிஸ்கைத் தாராளமாகத் துடைக்கலாம்.

இன்னும் அழகான ஒன்று உண்டு. கட்டு ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றன் வாலில் இன்னொன்றை ஒட்டிவைத்தால் கெர்னல் வரிசையாகப் பிரிக்கும். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் வந்தால் பின்னால் வந்தது முன்னதை மூடிவிடும். ஆகவே டிஸ்ட்ரோ (நீங்கள் நிறுவிய லினக்ஸ் தொகுப்பு) கொடுத்த கோப்பைப் பிரித்து மேயத் தேவையில்லை. நம் இனிட் ஸ்கிரிப்டும் சில கருவிகளும் கொண்ட சிறு கட்டைச் செய்து, 'கேட்' கட்டளையால் வாலில் ஒட்டினால் போதும்.

சறுக்குவதும் இங்கேதான். கட்டு 'நியூசி' வடிவில், 070701 என்ற எண்களோடு தொடங்க வேண்டும். எந்த வடிவம் என்று சொல்லாவிட்டால் சிபிஐஓ கட்டளை வேறு வடிவில் எழுதும். கெர்னலுக்கு அது புரியாது. ஒட்டிய இனிட்டுக்கு இயக்க அனுமதி இல்லையென்றால் கெர்னலால் அதை ஓட்ட முடியாது; கட்டுக்குள்ளேயே /sbin/init, /bin/sh போன்றவற்றை ஓட்டிப் பார்க்கும், எதுவும் கிடைக்காவிட்டால் பேனிக் ஆகும், அதாவது அப்படியே நின்றுவிடும். ஸ்கிரிப்ட் வேலை முடிந்து வெளியேறினாலும் பேனிக்தான். முதல் பிராசஸ் சாகக் கூடாது. கடைசி வரி ரீபூட்டாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை: பார்ட்டிஷன் போடும் எஸ்எஃப்டிஸ்க் கருவி கண்ணெதிரே இருக்கும், ஓட்டினால் "அப்படியொரு கோப்பு இல்லை" என்று வரும். இல்லாதது எஸ்எஃப்டிஸ்க் அல்ல, அதை ஏற்றிவிடும் டைனமிக் லோடர். எல்டிடி கட்டளை காட்டும் லைப்ரரிகளையும் லோடரையும் சேர்த்தே கட்ட வேண்டும். இனிட்ரேம்எஃப்எஸ் செய்யும் கருவியான டிராகட் 'ஹோஸ்ட்ஒன்லி' முறையில் செய்த கோப்பில் அந்த ஒரு மெஷினுக்கான டிரைவர்கள்தான் இருக்கும். வேறு மெஷினில் டிஸ்கே தெரியாமல் போகலாம்.

பேக்கப்பையும் இந்தக் கட்டுக்குள் திணிக்க ஆசை வரும். வேண்டாம். கட்டைப் பரப்பும் ரேம் கோப்பமைப்பான டெம்ப்எஃப்எஸ் வழக்கமாக ரேமில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும்; 4 ஜிபி மெஷினில் 2 ஜிபிதான். ஃபேட்32-இலும் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது. பென்டிரைவில் இரண்டாவதாக ஓர் எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பமைப்பு) பார்ட்டிஷன் போட்டு அங்கே வையுங்கள்.

ஸ்கிரிப்ட் முதலில் செய்ய வேண்டியது பேக்கப்பின் எஸ்எச்ஏ256 (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை எண்) சரிபார்ப்பு. துடைத்த பிறகு பேக்கப் கெட்டிருப்பது தெரிந்து பயனில்லை. பலர் இதைக் கடைசியில் வைப்பது ஏனென்று இன்றுவரை புரியவில்லை. அடுத்து டிஸ்கைத் தேர்ந்தெடுப்பது. லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்களை நம்பக் கூடாது. பூட்டுக்குப் பூட் மாறும், பென்டிரைவே எஸ்டிஏ ஆகிவிடும். யுஎஸ்பி வழி வராத, போதிய அளவுள்ள டிஸ்க் ஒன்றே ஒன்று இருந்தால் தொடரட்டும். இரண்டு இருந்தால் எதையும் தொடாமல் நிற்கட்டும்.

எஸ்எஃப்டிஸ்க் முன்பு எடுத்துவைத்த பார்ட்டிஷன் பட்டியலைத் திரும்ப எழுதும். ஃபார்மேட் செய்யும்போது கோப்பமைப்பின் அடையாள எண்ணான பழைய யுயுஐடியையே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எதை எங்கே இணைப்பது என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் பழைய டிஸ்கைத் தேடிக்கொண்டு நிற்கும். பேக்கப்பைப் பிரிப்பதற்குக் குனு டார் வேண்டும், 'நியூமெரிக்-ஓனர்' விருப்பத்தோடு. மீட்புச் சூழலில் உங்கள் பயனர் பட்டியல் இல்லை. பெயரை வைத்து உரிமையாளரைத் தேடினால் தவறான எண்ணில் போய் விழலாம். எக்ஸ்ஆட்ரிபியூட்கள் (கோப்புகளின் கூடுதல் பண்புகள்) அனைத்தையும் சேர்க்கச் சொல்லாவிட்டால் சில நிரல்களின் தனி அதிகாரங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும். பிறகு சிரூட் செய்து (மீட்ட டிஸ்கையே ரூட்டாக்கி) கிரப் என்ற பூட்லோடரை இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

ரீபூட் ஆனதும் மெஷின் மறுபடி பென்டிரைவிலிருந்தே எழுந்து, இப்போதுதான் மீட்ட டிஸ்கை மறுபடி துடைக்கும். விடிய விடிய இது நடக்கும். இதைத் தடுக்க, எல்லாம் முடிந்து டிஸ்கை அன்மவுண்ட் செய்தபின், பென்டிரைவின் ஃபேட்32 பார்ட்டிஷனில் ஒரு வெற்றுக் கோப்பை எழுதி, அதை உடனே பதியவைக்கும் 'சிங்க்' கொடுக்க வேண்டும். பென்டிரைவின் கிரப், மெனு ஓடும் முன் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வெளியேறும்படி அமைக்க வேண்டும். யுஇஎஃப்ஐ பட்டியலில் அடுத்துள்ள டிஸ்கிலிருந்து எழும். பென்டிரைவை மறுபடி பயன்படுத்த அந்தக் கோப்பை அழித்தால் போதும்.